முகவரிப் புத்தகம் குடிபெயர்ந்த கதை

கடந்த மாதம் புதிய மடிக்கணனி ஒன்று வாங்கவேண்டி நேர்ந்தது. பழையது எட்டு வருடங்கள் உழைத்துக் களைத்துவிட்டது. கோப்புகளை மாற்றித்தர வந்த மகள், எனது மின்னஞ்சல் முகவரிப் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்: "அப்பா, இதில ஆயிரத்து நூறு பேருக்கு மேல இருக்கினம். கனபேர் இப்ப உயிரோடையும் இல்லை. எல்லாரையும் கொண்டுபோகவேணுமோ?"

"எல்லாரையும்" என்றேன்.

இரண்டு நிமிடங்களில் வேலை முடிந்தது. அவளுக்கு அது ஒரு வேலையாகவே தெரியவில்லை. இதே வேலையை 2004 ஆம் ஆண்டில் நான் செய்ய முற்பட்டபோது மூன்று நாட்கள் பிடித்தன. அப்படியும் ஏறக்குறைய இருநூறு பேரைப் பறிகொடுத்தேன். அந்தக் கதைக்குப் பின்னர் வருகிறேன். அதற்கு முன், ஒரு கணனியிலிருந்து மற்றொரு கணனிக்கு நமக்குத் தெரிந்தவர்களின் பெயர்களைக் கொண்டுசெல்வது ஏன் அவ்வளவு சிரமமான காரியமாக இருந்தது என்பதைச் சொல்லவேண்டும்.

மின்னஞ்சலுக்கு இன்று நாம் பாவிக்கும் முகவரி வடிவத்தை 1971 இல் தந்தவர் ரே டொம்லின்சன். அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் பி.பி.என். என்ற நிறுவனத்தில் பணியாற்றிய பொறியியலாளர். ஆளின் பெயருக்கும் கணனியின் பெயருக்கும் இடையே @ என்ற குறியை வைத்தவர் அவரே. அக்காலத்தில் எவருக்கும் முகவரிப் புத்தகம் தேவைப்படவில்லை. ஆர்ப்பாநெற் வலையமைப்பில் இருந்த அனைவரினதும் பெயர்களும் அச்சிட்ட புத்தகம் ஒன்றிலேயே அடங்கிவிட்டன. கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இயங்கிய தகவல் நிலையம் ஒன்று அதனை வெளியிட்டு வந்தது. அதனைப் பல ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் எலிசபெத் பெயின்லர் என்ற பெண்மணி. 1982 ஆம் ஆண்டுப் பதிப்பைக் கணனி விஞ்ஞானி டானி ஹில்லிஸ் பின்னாளில் ஒரு மேடையில் தூக்கிக் காட்டினார். தம்மைத் தவிர அப்புத்தகத்தில் வேறு இரு டானிகளே இருந்தனர் என்றும், இருவரையும் தமக்குத் தெரியும் என்றும் அவர் சொன்னார். ஊர்ச் சங்கத்தின் அங்கத்தவர் பட்டியல் போன்ற ஒரு காலம் அது.

பட்டியல் பெருகியதும் ஒவ்வொருவரும் தமக்கெனக் குறித்துவைக்க வேண்டியதாயிற்று. 1988 இல் இலினோய் பல்கலைக்கழகத்தில் ஸ்டீவ் டோர்னர் எழுதிய யூடோரா, 1989 இல் வோஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான பைன் ஆகிய மென்பொருள்கள் அந்தத் தேவையை நிறைவு செய்தன. பைன் தனது முகவரிகளைச் சாதாரண எழுத்துக் கோப்பில் வரிவரியாக வைத்திருந்தது. நெகிழ்வட்டில் பிரதி எடுத்து மற்றக் கணனியில் போட்டால் முடிந்தது. யூடோராவில் ஆளுக்கு ஒரு செல்லப்பெயர் வைப்பதே முறை. இந்தச் செல்லப்பெயர் விவகாரம் பத்திரிகையாளனுக்கு எவ்வளவு உதவியானது, எவ்வளவு ஆபத்தானது என்பதைப் பின்னரே உணர்ந்தேன்.

சிக்கல் தொடங்கியது 1990களில். ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு மின்னஞ்சல் மென்பொருளை வெளியிட்டது. ஒவ்வொன்றும் தனது முகவரிகளைத் தனக்கு மட்டும் விளங்கும் ஒரு வடிவத்தில் பூட்டி வைத்தது. எல்லோருக்கும் பொதுவான ஒரு விபரக்கொத்தை அமைக்கும் முயற்சி ஏற்கனவே நடந்திருந்தது. உலகத் தொலைத்தொடர்பு அமைப்புகள் 1988 இல் எக்ஸ்.500 என்ற பெயரில் ஒரு நியமத்தை வெளியிட்டிருந்தன. அது யானையைக் கட்டித் தீனி போடுவது போன்ற ஏற்பாடு. சாதாரண மேசைக் கணனி அதன் பாரத்தைத் தாங்கவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டிம் ஹவ்ஸ் என்ற இளைஞரும் அவருடைய சகாக்களும் 1993 இல் அதனை மெலிதாக்கி எல்.டி.ஏ.பி. என்ற முறையைத் தந்தனர். அதனோடு பிறந்ததே எல்டிஃப் என்ற கோப்பு வடிவம். பின்னர் அதே ஹவ்ஸ் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் சேர்ந்தார். நெட்ஸ்கேப்பின் முகவரிப் புத்தகம் எல்டிஃப் வடிவில் வெளியேற்றம் செய்தது இதனாலேயே.

மறுபுறத்தில் ஆப்பிள், ஏ.டி. அன்ட் ரி., ஐ.பி.எம்., சீமன்ஸ் ஆகிய நான்கு நிறுவனங்களும் வேர்சிற் என்ற பெயரில் ஒன்றுகூடி, 1990களின் நடுப்பகுதியில் வீ-கார்ட் என்ற மின்னியல் வருகை அட்டையை வகுத்தன. 1998 செப்டெம்பரில் அது இணைய நியமமாக வெளியிடப்பட்டது. அந்த ஆவணத்தில் ஒப்பமிட்ட இருவரில் ஒருவர் மீண்டும் டிம் ஹவ்ஸ். நம்முடைய முகவரிகள் இன்று தொலைபேசியிலிருந்து கணனிக்கும் கணனியிலிருந்து தொலைபேசிக்கும் சிரமமின்றிச் சென்றுவருவதற்குக் காரணமானவர்களுள் அவர் ஒருவர். ஆயினும் அவருடைய பெயரை அறிந்த எவரையும் கொழும்பில் நான் சந்தித்ததில்லை.

இந்த வீ-கார்ட் நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதனை வகுத்தவர்கள் தமிழர்களை மனதிற் கொண்டிருக்கவில்லை. குடும்பப்பெயர், இடப்பட்ட பெயர், நடுப்பெயர், முன்னொட்டு, பின்னொட்டு என்று ஐந்து அறைகளை வைத்து, அவற்றுள் ஒருவரின் பெயரைப் பிரித்துப் போடச் சொன்னார்கள். உதாரணத்துக்குக் கந்தசாமியின் மகன் சிவலிங்கத்தை எடுத்துக்கொள்வோம். அவர் தம்மை க. சிவலிங்கம் என்றே எழுதுவார். அவருக்குக் குடும்பப்பெயர் என்று ஒன்று கிடையாது. முன்னெழுத்து தந்தையுடையது. கணனி அவரிடம் குடும்பப்பெயர் கேட்டால் என்ன செய்வார்? கொழும்பில் அவர் சிவலிங்கம் என்று போடுவார். ரொறன்ரோவுக்குப் போன தம்பி, கடவுச்சீட்டில் உள்ளபடி தந்தையின் பெயரைப் போடுவார். அந்தத் தம்பியின் பிள்ளைகளுக்கோ தகப்பனின் சொந்தப் பெயரே குடும்பப்பெயராகிவிட்டிருக்கும். ஒரே வீட்டில் பிறந்து வளர்ந்தவர்கள் அகரவரிசையில் மூன்று மூலைகளில் நிற்பார்கள். எனது பட்டியலைக் குடும்பப்பெயரால் ஒழுங்குபடுத்தியபோது, 'க' என்ற முதலெழுத்தை மட்டுமே குடும்பப்பெயராகக் கொண்ட இருபத்தேழு பேர் ஒரே குடும்பத்தவர் போல வரிசையில் நின்றனர். 2011 ஆம் ஆண்டு வெளியான நான்காவது பதிப்பில்தான் இந்தப் பிரிப்பு கட்டாயமல்ல என்றாயிற்று. முழுப்பெயரை ஒரே வரியில் எழுதிவிட்டால் போதும். அதே பதிப்பு யுனிகோட் எழுத்தை மட்டுமே ஏற்றது. தமிழரைப் பொறுத்தவரை அந்த வருடத்தில்தான் வீ-கார்ட் உண்மையில் பிறந்தது என்பேன்.

இனி என் கதை.

இலங்கைக்கு வர்த்தக ரீதியான இணையச் சேவை 1995 இல் வந்தது. எங்கள் ஆசிரிய பீடத்தில் முதலில் அனைவருக்கும் ஒரே முகவரி. வரும் மடல்களை ஓர் அலுவலர் அச்சிட்டுத் தட்டில் வைப்பார். எனக்கென ஒரு முகவரி கிடைத்தபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அதுவரை என்னிடமிருந்தது சிவப்பு மட்டை போட்ட ஒரு குறிப்புப் புத்தகம். அதில் 1983 இற்குப் பின்னர் வெட்டி வெட்டித் திருத்திய முகவரிகள். வெள்ளவத்தை வெட்டப்பட்டு யாழ்ப்பாணம், யாழ்ப்பாணம் வெட்டப்பட்டுச் சென்னை, சென்னை வெட்டப்பட்டு ஒஸ்லோ. ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை அந்த வெட்டுகளில் வாசித்துவிடலாம். கணனிப் பட்டியலில் இந்த வசதி இல்லை. புதிய முகவரியை எழுதியதும் பழையது மறைந்துபோகிறது.

2002 ஏப்ரலில் ஏ-9 வீதி திறக்கப்பட்டதும் வடக்கிலும் கிழக்கிலும் இருந்து மடல்கள் வரத் தொடங்கின. பல வருடங்கள் தொலைபேசியே இல்லாதிருந்த ஊர்களில் இணைய நிலையங்கள் முளைத்தன. ஆசிரியர்கள், கூட்டுறவுச் சங்கக்காரர், பழைய நூலகர்கள் ஆகியோர் எனக்கு எழுதினார்கள். 2004 நடுப்பகுதியில் மட்டக்களப்பிலிருந்து முல்லைத்தீவு வரை கரையோரமாக ஒரு பயணம் செய்து, கடற்றொழிலாளர் வாழ்வு பற்றி ஒரு தொடர் எழுதினேன். அந்தப் பயணத்தில் சேகரித்த மின்னஞ்சல் முகவரிகள் மாத்திரம் நூற்றைத் தாண்டும். ஒருவரிடம் மின்னஞ்சல் இருக்காது. அவருடைய மகளிடம் இருக்கும். 'இன்னாரின் தகப்பன்' என்று அடைப்புக்குறிக்குள் குறித்துக்கொள்வேன். அக்காலத்தில் தமிழை யுனிகோடில் தட்டச்சுச் செய்யப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஏற்பாடு செய்து தந்திருந்தார். ஆகவே, சில மாதங்களாகப் பெயர்களைத் தமிழிலேயே பதிந்துவந்தேன். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது.

அந்த ஒக்டோபரில் கணனி இயங்க மறுத்தது. பார்க்க வந்த பையன், வன்தட்டை முற்றாகத் துடைத்து மீண்டும் எல்லாவற்றையும் நிறுவவேண்டும் என்றான். "முக்கியமான கோப்பெல்லாம் எங்கை வைச்சிருக்கிறியள் ஐயா?" என்று கேட்டான். என்னுடைய ஆவணங்கள் எல்லாம் ஒரே கோப்புறையில் உள்ளன என்றேன். அதனை இறுவட்டில் எழுதித் தந்துவிட்டு வன்தட்டைத் துடைத்தான். அவன் கேட்டதைச் செய்தான். தவறு என்னுடையது. முகவரிப் புத்தகம் அந்தக் கோப்புறையில் இருக்கவில்லை.

அது எங்கே இருந்தது என்பதை அன்று பலர் அறியார். 1997 இல் வெளியான அவுட்லுக் எக்ஸ்பிரஸ் தனது கடிதங்களை ஓரிடத்திலும், முகவரிகளை 'வாப்' என்ற தனிக் கோப்பாக வேறோரிடத்திலும் வைத்திருந்தது. அக்கோப்பு இருந்த கோப்புறை, பயனாளரின் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்ட ஒன்று. மறைத்ததற்குக் காரணமும் உண்டு. தவறுதலாக எவரும் அழித்துவிடக் கூடாது என்பதே அது. ஆனால் காணாத பொருளை எவரும் பிரதி எடுப்பதில்லை. கடிதங்களைக் காப்பாற்றிக்கொண்டு, எழுதியவர்களைத் தொலைத்தவர்கள் அக்காலத்தில் உலகெங்கும் இருந்தார்கள். 2007 இல் விஸ்ரா வந்தபோது வாப் கைவிடப்பட்டு, ஆளுக்கொரு கோப்பாக வெளிப்படையான கோப்புறையில் வைக்கப்பட்டது.

என்னிடம் மிஞ்சியது ஒரு நெகிழ்வட்டு. சில மாதங்களுக்கு முன்னர் அலுவலகத்துக்கு எடுத்துச்செல்வதற்காகப் பட்டியலைக் காற்புள்ளியிட்ட எழுத்துக் கோப்பாக வெளியேற்றிப் பதிந்து வைத்திருந்தேன். சீ.எஸ்.வி. என்பார்கள். வரிக்கு ஓர் ஆள், விபரங்களுக்கிடையே காற்புள்ளி. கேட்பதற்கு எளிமையானது. 2005 ஒக்டோபர் வரை அதற்கு எழுதப்பட்ட விதிமுறை எதுவும் இருக்கவில்லை. அவரவர் விருப்பம்போல் பாவித்தனர். நம்முடைய வீட்டு முகவரியிலேயே மூன்று காற்புள்ளிகள் உண்டு. மேற்கோள் குறிக்குள் அடைக்காவிட்டால் ஒருவரின் வீதி இன்னொரு நிரலில் போய் நிற்கும். ஜேர்மனியிலிருந்து ஒரு நண்பர் அனுப்பிய பட்டியலைத் திறந்தபோது எல்லாம் ஒரே நிரலில் குவிந்து கிடந்தன. அந்நாட்டில் காற்புள்ளி தசமத்துக்குப் பாவிக்கப்படுவதால், அங்குள்ள கணனிகள் பிரிப்பதற்கு அரைப்புள்ளியை இடுகின்றன என்பதை அறிய எனக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் செலவானது.

நெகிழ்வட்டைத் திறந்தேன். ஆங்கிலத்தில் பதிந்த பெயர்கள் ஒழுங்காக இருந்தன. தமிழில் பதிந்தவற்றின் இடத்தில் வெறும் கேள்விக்குறிகள். வரிவரியாகக் கேள்விக்குறிகள்.

காரணம் இதுதான். யுனிகோடுக்கு முந்திய கணனி முறையில் ஒவ்வொரு மொழிக்கும் 256 இடங்கள் கொண்ட ஓர் எழுத்துப் பலகை ஒதுக்கப்பட்டிருந்தது. ரஷ்யருக்கு ஒன்று, அரபியருக்கு ஒன்று, தாய்லாந்தினருக்கு ஒன்று. தமிழுக்கு விண்டோசில் அப்படி ஒரு பலகை இருந்ததேயில்லை. நாம் 1999 இல் சென்னை மாநாட்டில் வகுக்கப்பட்ட தாப், தாம் என்றும், புலம்பெயர்ந்தோரும் ஆர்வலரும் வளர்த்த திஸ்கி என்றும், பத்திரிகைக் காரியாலயங்களின் பாமினி என்றும் வெவ்வேறு வழிகளில் ஆங்கிலப் பலகையின் மேல் தமிழை ஒட்டிக்கொண்டிருந்தோம். யுனிகோடில் தமிழுக்கு 1991 இலேயே இடம் கிடைத்தது. ஆயினும் பழைய முறையில் கோப்பை எழுதும் மென்பொருள், தனது பலகையில் இல்லாத ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு கேள்விக்குறியை இட்டது. பாமினியில் பதிந்திருந்தால்கூட ஆங்கில எழுத்துகளாகக் குழம்பியேனும் தப்பியிருக்கும்; எழுத்துருவை மாற்றி வாசித்திருக்கலாம். யுனிகோடை நம்பியதாலேயே பெயர்களை இழந்தேன் என்ற எரிச்சல் நெடுநாள் இருந்தது. எல்டிஃப் வடிவத்தில் வெளியேற்றியிருந்தால், கண்ணுக்குப் புரியாத குறியீடாக மாறி, உள்ளே தமிழ் பத்திரமாக இருந்திருக்கும். அது யாருக்குத் தெரியும்?

முகவரிகள் இருந்தன; ஆட்கள் இல்லை. ஹொட்மெயிலில் நம்மவர் வைத்துக்கொண்ட முகவரிகளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. நிலவு, தென்றல், பிறந்த வருடம், காதலியின் முதலெழுத்து. நவம்பர் மாதத்தில் எழுபத்தொரு பேருக்கு ஒரு மடல் எழுதினேன். 'கணனிக் கோளாறினால் தங்கள் பெயரை இழந்துவிட்டேன். தாங்கள் யார் என அறியத்தருவீர்களா?' நோர்வேயிலிருந்து ஒருவர் பதில் எழுதினார்: "அண்ணை, பதினைஞ்சு வருசமா உங்கட பேப்பருக்கு எழுதிறன். இப்ப நான் ஆரெண்டு கேக்கிறியள்." ஐம்பத்தெட்டுப் பேர் பதில் தந்தனர். மற்றவர்கள் ஆறுதலாக எழுதுவார்கள் என்று இருந்தேன். நெகிழ்வட்டுக்குப் பின்னர் சேர்த்த ஏறக்குறைய இருநூறு பேர், கரையோரப் பயணத்தில் கிடைத்தவர்கள் உட்பட, அடியோடு போய்விட்டார்கள்.

அந்த வருடம் டிசெம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை வந்தது.

சில மாதங்களுக்கு முன்னர் எனக்குத் தேநீர் தந்த வீடுகள் இருந்த கரை அது. செய்தி அறையில் ஊர்ப் பெயர்கள் ஒவ்வொன்றாக வந்து விழ, நான் அந்த வெற்றுப் பட்டியலைத் திறந்து வைத்துக்கொண்டு இருந்தேன். மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அன்று யார் பார்த்திருப்பார்கள் என்று கேட்கலாம். பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வாரங்கள் கழித்து, முகாமிலிருந்தோ உறவினர் வீட்டிலிருந்தோ எவரேனும் ஒரு பிள்ளை இணைய நிலையத்துக்குப் போயிருக்கும். என் மடல் அங்கே காத்திருந்திருக்கும். சிலரை அடுத்த பெப்ரவரியில் நேரில் தேடிக் கண்டேன். சிலரைப் பற்றிச் செய்தி கிடைத்தது. மற்றவர்களைப் பற்றி இன்றுவரை எதுவும் அறியேன்.

இரண்டு வருடங்களின் பின் நிலைமை தலைகீழானது. போர் மீண்டும் மூண்டபோது, கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையாளனின் முகவரிப் புத்தகம் பிறர் கைக்குப் போனால், அதிலுள்ளவர்களுக்கு என்ன நேரும் என்பதே கவலையாயிற்று. முன்னர் இழந்ததற்காக வருந்திய நான், 2007 இல் நாற்பது பெயர்களை என் கையாலேயே அழித்தேன். சிலரை யூடோராக் காலத்து வழக்கப்படி செல்லப்பெயரில் ஒளித்து வைத்தேன். 'தேங்காய்க்காரர்', 'பழைய சைக்கிள்' என்று இரு பதிவுகள் இன்னமும் உண்டு. முன்னவர் யாரென்று எனக்கே மறந்துவிட்டது.

மிகைப்படுத்துகிறேன் என்று எவரும் எண்ணவேண்டாம். முகவரிப் புத்தகம் தானாகவே வாய் திறந்துவிடும் என்பதை உலகம் அதற்கு முன்னரே கண்டிருந்தது. 1999 மார்ச்சில் மெலிஸா என்ற நச்சுநிரல் அவுட்லுக் பட்டியலின் முதல் ஐம்பது முகவரிகளுக்குத் தன்னைத்தானே அனுப்பியது. 2000 மே மாதத்தில் 'உன்னைக் காதலிக்கிறேன்' என்ற தலைப்போடு வந்தது பட்டியல் முழுவதற்கும் அனுப்பியது. 2010 பெப்ரவரியில் கூகுள் தனது பஸ் சேவையை ஆரம்பித்தபோது, ஒருவர் யாருடன் அடிக்கடி மடல் தொடர்பு கொண்டிருந்தார் என்பதை வைத்து நண்பர் பட்டியலைத் தானே உருவாக்கி, அது பிறர் பார்வைக்கும் போகும்படி செய்துவிட்டது. கண்டனம் எழுந்ததும் திருத்தினார்கள். மறுவருடம் அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடன் உடன்பாடு செய்து, இருபது வருடங்களுக்குச் சுயாதீனப் பரிசோதனைக்கும் இணங்கினார்கள். அச்செய்தியை மொழிபெயர்த்தபோது எனக்குக் கை நடுங்கியது. 2007 இல் அப்படி ஒன்று நடந்திருந்தால்?

அதே 2010 நவம்பரில் கூகுளும் பேஸ்புக்கும் இதே முகவரிகளுக்காகச் சண்டையிட்டதையும் சொல்லவேண்டும். ஜிமெயிலில் உள்ள முகவரிகளைப் பேஸ்புக் அள்ளிக்கொண்டு போகலாம். ஆனால் பேஸ்புக்கிலிருந்து வெளியே எடுக்க முடியாது. நீ தராவிட்டால் நானும் தரமாட்டேன் என்றது கூகுள். இரு பெரும் நிறுவனங்கள் நமது மாமன் மச்சானின் முகவரிகளைத் தமது சொத்தாகக் கருதி மல்லுக்கட்டிய காட்சி வேடிக்கையானது. 2018 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தாம் வழங்கிய தரவுகளைக் கணனி வாசிக்கக்கூடிய வடிவத்தில் திரும்பப் பெற்று வேறிடத்துக்குக் கொண்டுசெல்லும் உரிமையை வழங்கியது. அச்சட்டத்தின் இருபதாம் உறுப்புரை அது.

மகள் வேலையை முடித்து எழும்பப் போனவள் மீண்டும் அமர்ந்தாள். புதிய கணனி, சில பதிவுகள் முழுமையற்றவை என்று சுட்டிக்காட்டி, அழிக்கவா என்று கேட்டதாம். "இது ஆர் அப்பா? பேர் இல்லை. கேள்விக்குறி மட்டும் கிடக்கு."

2004 இல் பதில் தராத பதின்மூவரில், மற்றப் பன்னிருவரைப் பிற்காலத்தில் எப்படியோ அடையாளம் கண்டுவிட்டேன். மிஞ்சியவர் இவர் ஒருவரே. மடல் போய்ச் சேரவில்லை என்று 2009 இற்குப் பின்னர் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கிறது. யுனிகோடில் ஒவ்வொரு குறிக்கும் ஒரு கேள்விக்குறி என்பதால், கந்தசாமி என்ற பெயரில் நாம் ஐந்து எழுத்துகளை எண்ணும்போது கணனி எட்டு எண்ணும். புள்ளியும் துணைக்காலும் விசிறியும் அதற்குத் தனித்தனி எழுத்துகள். அந்தக் கணக்கை வைத்து, பழைய குறிப்பேடுகளில் கண்ட பெயர்களையெல்லாம் பல இரவுகள் எழுதி எண்ணிப் பார்த்திருக்கிறேன். எட்டு வரும், பத்து வரும். இவருடையது இடைவெளியில்லாத ஒரே சொல். ஒன்பது கேள்விக்குறிகள்.

"அழிக்கவேண்டாம்" என்றேன். அதுவும் புதிய கணனிக்கு வந்து சேர்ந்துவிட்டது. இது அதற்கு ஐந்தாவது கணனி.